ஆட்டோக்ரோம் போர்ப்படங்கள்

ஆட்டோக்ரோம் போர்ப்படங்கள் என்பவை முதல் உலகப்போர்க் காலத்தில் (1914–1918) கண்ணாடித் தகடுகளில் நேரடியாக வண்ணத்தில் எடுக்கப்பட்ட புகைப்படங்கள். இவற்றில் பெரும்பகுதி பிரெஞ்சு ராணுவத்தின் தேவைக்காக எடுக்கப்பட்டது. கறுப்பு-வெள்ளைப் படங்களுக்குப் பிற்காலத்தில் வண்ணம் ஏற்றி வெளியிடப்படும் படங்களோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. அவற்றில் நிறம் பிறரது ஊகம்; இவற்றில் நிறம் அன்றைய ஒளியால் பதிவானது.

இப்படங்களைப் பார்ப்பவருக்கு முதலில் தோன்றும் வியப்பு, இவற்றில் சண்டையே இல்லை என்பது. வீரர்கள் உணவு உண்கிறார்கள், சுவரோரம் அமர்ந்திருக்கிறார்கள், துணி துவைக்கிறார்கள், வெறுமனே நிற்கிறார்கள். இதற்கு முதன்மையான காரணம் வேதியியல்.

தகடும் அதன் வேகமும்

லியோன் நகரின் லூமியேர் சகோதரர்கள் ஆட்டோக்ரோம் முறைக்கு 1903-ல் காப்புரிமை பெற்று, 1907-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். உருளைக்கிழங்கு மாவின் நுண்துகள்களை ஆரஞ்சு, பச்சை, ஊதா ஆகிய மூன்று நிறங்களில் சாயமேற்றிக் கலந்து, கண்ணாடியின் மேல் ஒற்றை அடுக்காகப் படியவைத்தனர். துகள்களுக்கு இடையிலான இடைவெளி கரித்தூளால் நிரப்பப்பட்டது. அதன்மேல் ஒளியுணர் பூச்சு. ஒளி இந்த நிறத்துகள்களைக் கடந்துதான் பூச்சை அடையவேண்டும். வழியிலேயே பெரும்பகுதி ஒளி இழக்கப்பட்டது.

அதனால், நல்ல வெயிலிலும் ஒரு படம் எடுக்க ஒரு நொடி அல்லது அதற்கு மேல் தேவைப்பட்டது. மேகமூட்டத்திலும் நிழலிலும் பல நொடிகள். கேமரா முக்காலியின் மேல் நிற்கவேண்டும், எதிரே இருப்பவர் அசையாமல் இருக்கவேண்டும். ஓடுபவர் தகட்டில் மங்கலான கறையாகத்தான் பதிவார். குண்டு வெடிப்பதையோ, பதுங்குகுழியிலிருந்து பாய்வதையோ இம்முறையில் எடுப்பது இயலாத காரியம். ஆனால் மேற்குப் போர்முனையில் ஒரு வீரனின் நாட்களில் தாக்குதல் நடந்த நேரம் சிறிது. காத்திருந்த நேரமே அதிகம். கறுப்பு-வெள்ளைக் கேமரா தேடி ஓடிய தருணங்களை விட, இந்த மெதுவான தகடு பிடித்துவைத்த தருணங்களே அந்த வாழ்க்கையின் பெரும்பகுதிக்கு நெருக்கமானவை.

சீருடையின் நிறம்

1914 ஆகஸ்டில் பிரெஞ்சுக் காலாட்படை சிவப்புக் காற்சட்டை அணிந்து போருக்குச் சென்றது. தொலைவிலிருந்தே தெரியும் அந்நிறத்தை மாற்றும் முடிவு போருக்குச் சற்று முன்புதான் எடுக்கப்பட்டிருந்தது. நீலம், வெள்ளை, சிவப்பு இழைகளைக் கலந்து நெய்வது முதல் திட்டம். சிவப்புக்கான செயற்கைச் சாயம் ஜெர்மனியிலிருந்து வந்துகொண்டிருந்தது. போர் தொடங்கியதும் அது நின்றது. சிவப்பை விட்டுவிட்டு மற்ற இரண்டையும் கலந்தபோது கிடைத்ததுதான் ‘அடிவான நீலம்’ எனப் பெயர்பெற்ற வெளிர்நீலம். பகைநாட்டின் சாயத்தை உடுத்திக்கொண்டு அதே நாட்டோடு போரிடச் சென்ற வேடிக்கை அத்துடன் முடிந்தது.

1915 முதல் பரவலான இந்த நீலத்தை ஆட்டோக்ரோம் படங்களில்தான் கண்ணால் காணமுடிகிறது. புதிய கோட்டும், சேறும் வெயிலும் பட்டு வெளுத்த கோட்டும் ஒன்றாகத் தெரிவதில்லை. கறுப்பு-வெள்ளையில் எல்லாம் ஒரே சாம்பல். எனினும் ஆட்டோக்ரோமின் நிறத்தை அப்படியே உண்மை என்று கொள்வதும் சரியல்ல. லென்சின் முன் வைக்கப்பட்ட மஞ்சள் வடிகட்டியும், மாவுத்துகள்களின் இயல்பும், தகட்டின் வயதும் அதைச் சற்று மாற்றியிருக்கின்றன.

எடுத்தவர்கள்

பிரெஞ்சு ராணுவம் 1915-ல் தன் புகைப்படப் பிரிவைத் தொடங்கியது. அழிவைப் பதிவுசெய்வது, நடுநிலை நாடுகளிடையே பரப்புரை செய்வது, வரலாற்றுக்காகச் சேமிப்பது ஆகியவை அதன் நோக்கங்கள். 1917-ல் இப்பிரிவு, வங்கியாளர் ஆல்பெர் கான் தன் செல்வத்தில் நடத்திவந்த ‘உலகக் கோளின் ஆவணங்கள்’ என்ற திட்டத்துடன் இணைந்து வண்ணப் படங்கள் எடுக்க ஏற்பாடு செய்தது. போல் கஸ்தெல்னோ, பெர்னான் குய்வில் என்ற இருவர் இப்பணியில் முதன்மையானவர்கள். அவர்களுக்கு முன்பே, தனியாகப் பணிபுரிந்த ஜெர்வே-கூர்தெல்மோன் மார்ன் போர்க்களத்தை வண்ணத்தில் எடுத்து, பாரிஸில் திரையிட்டு உரையாற்றியிருந்தார். ஜெர்மன் தரப்பில் ஹான்ஸ் ஹில்டன்பிராண்ட் இதே முறையில் வீரர்களைப் படமெடுத்தார்.

கஸ்தெல்னோ புவியியல் பயின்றவர். மனிதரை அவர் இருக்கும் நிலத்தோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் அவர் படங்களில் தெரிகிறது. 1917 ஜூனில் அல்சாஸ் பகுதியின் சாந்த்-உல்ரிக் கிராமத்தில், முகாமில் இருந்த ‘செனெகல்’ படையினரை அவர் எடுத்தார். பெயர்தான் செனெகல், அப்படையினர் பிரெஞ்சு மேற்கு ஆப்பிரிக்கா முழுவதிலிருந்தும் திரட்டப்பட்டவர்கள். இரண்டு மாதங்களுக்கு முன், ஏப்ரலில், ஷெமென் தே தாம் மலைமுகட்டில் நடந்த தாக்குதலில் ஆப்பிரிக்கப் படைப்பிரிவுகள் பெரும் உயிரிழப்பைச் சந்தித்திருந்தன. அக்காலப் பரப்புரை ஓவியங்களில் அகன்ற சிரிப்புடன் கேலிச்சித்திரமாக வரையப்பட்ட இம்மனிதர்கள், கஸ்தெல்னோவின் தகடுகளில் சிரிக்கவில்லை. நொடிக்கணக்கில் அசையாமல் இருக்கச் சொன்னால் எந்த முகமும் அப்படித்தான் இறுகும் என்று வாதிடலாம். அது ஓரளவு உண்மையும்கூட.

1914 செப்டம்பரில் எறிகணைகளால் தேவாலயம் எரிந்த ரேம்ஸ் நகரிலும் 1917-ல் பல தகடுகள் எடுக்கப்பட்டன. அவற்றில் பலரும் அறிந்த ஒன்று, பொம்மையுடன் தரையில் அமர்ந்திருக்கும் ஒரு சிறுமியின் படம். அவளருகில் துப்பாக்கிகளும் ராணுவ முதுகுப்பையும் இருக்கின்றன. உரிய வீரர்கள் படத்தில் இல்லை.

படங்களில் இல்லாதவை

ஏப்ரல் 16-ல் தொடங்கிய அதே ஷெமென் தே தாம் தாக்குதலின் தோல்விக்குப் பின், மே மாதத்திலிருந்து பிரெஞ்சுப் படைகளில் பலவற்றில் கீழ்ப்படியாமை பரவியது. வீரர்கள் மீண்டும் முன்வரிசைக்குச் செல்ல மறுத்தனர். விடுப்பும் நல்ல உணவும் கேட்டனர். பயனற்ற தாக்குதல்களை எதிர்த்தனர். ராணுவ நீதிமன்றங்கள் மரண தண்டனைகள் விதித்தன; சில நிறைவேற்றவும் பட்டன. வண்ணத் தகடுகள் அதிகம் எடுக்கப்பட்ட எய்ன் பகுதியும் ரேம்ஸும் இந்நிகழ்வுகளுக்கு மிக அருகில் உள்ளவை. ஆனால் படங்களில் அதன் தடம் இல்லை.

இதற்குத் தகட்டின் மெதுவான வேகத்தைக் காரணம் காட்டமுடியாது. எடுத்தவர்கள் ராணுவப் பணியில் இருந்தவர்கள். படங்கள் தணிக்கைக்கு உட்பட்டவை. அமைதியாக உணவருந்தும் வீரர்களின் படம் பொய்யல்ல. ஆனால் அந்த அமைதியை மனநிறைவு என்று வாசித்தால் அது பொய்யாகிவிடும். 1917 கோடையின் ஆட்டோக்ரோம் படங்களை அவ்வாண்டின் கடிதங்களோடும் ராணுவ நீதிமன்றப் பதிவுகளோடும் சேர்த்துத்தான் வாசிக்கவேண்டும்.

ஆஸ்திரேலியப் படைகளின் அதிகாரப்பூர்வப் புகைப்படக்காரரான பிராங்க் ஹர்லி வேறொரு வண்ணமுறையைப் பயன்படுத்தினார். பேஜட் எனப்படும் அம்முறையில் நிறத்திரை தனியாக இருந்ததால் படத்திற்குப் பிரதிகள் எடுக்கலாம். போர்க்களத்தின் முழுமை ஒரே தகட்டில் அடங்காது என்று கருதிய ஹர்லி, தன் கறுப்பு-வெள்ளைப் படங்கள் பலவற்றை ஒட்டிச் சேர்த்துப் பெரிய காட்சிகளாக்கினார். அவை போலிகள் என்று வரலாற்றாசிரியர் சார்லஸ் பீன் கடுமையாக எதிர்த்தார். ஒட்டுவேலை தேவைப்படாத ஹர்லியின் வண்ணப் படங்களில் ஒன்று, 1918-ல் பாலஸ்தீனத்தில் குதிரைப்படை வீரர் ஒருவர் செந்நிற அனிமோன் பூக்களைப் பறிப்பது.

தகடுகளின் இன்றைய நிலை

ஆட்டோக்ரோமுக்கு நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் இருந்த கண்ணாடியே இறுதிப் படம். ஒவ்வொன்றும் ஒரே பிரதி. கஸ்தெல்னோ, குய்வில் ஆகியோரின் தகடுகள் பிரெஞ்சு அரசின் ஆவணக்காப்பகத்திலும், பாரிஸை அடுத்த பூலோன்-பியான்கூரில் உள்ள ஆல்பெர் கான் அருங்காட்சியகத்திலும் உள்ளன. ஒளியும் வெப்பமும் சாயத்தைக் கெடுப்பதால் அவற்றைப் பழையபடி விளக்கொளியில் திரையிடுவதில்லை. மக்கள் இப்போது காண்பவை அவற்றின் எண்ணிமப் பிரதிகள்.