மணிப்பூர்க் காட்டிலிருந்து வந்த வாசம்

திருவனந்தபுரம் மாவட்டத்து வித்துராவில் ரோஜா வளர்ப்பவர்களுக்கு வருடத்துக்கு இரண்டு பரீட்சை: ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழை, ஐப்பசியின் துலாவர்ஷம். மேடத்து (சித்திரை) வெயிலில் கை அகலம் பூத்துக் குலுங்கிய ஹைபிரிட் டீ செடி, ஜூன் பிறந்து இரண்டு வாரம் மழை கொட்டியதும் அடி இலையிலிருந்து மஞ்சளடிக்கத் தொடங்கும். இலைமேல் ஓரம் கலைந்த கரும்புள்ளிகள் தெரியும். பொன்முடிச் சரிவில் முட்டி நிற்கும் மேகம் கல்லாற்றுப் பக்கம் பெய்துகொண்டே இருக்க, கர்க்கடகம் (ஆடி) முடிவதற்குள் தொட்டியில் குச்சியும் முள்ளும்தான் மிச்சம். வேலியோரத்துச் செம்பருத்தியோ அதே மழையில் கொழுத்து நிற்கும்.

மண் சரியில்லை, உரம் போதவில்லை என்று இன்னும் இரண்டு பிடி எலும்புத் தூளைக் கொட்டுவார்கள். கோளாறு அங்கே இல்லை. கரும்புள்ளி ஒரு பூஞ்சை நோய். ரோஜா இலை ஏழெட்டு மணி நேரம் காயாமல் நனைந்திருந்தால் அதற்குப் போதும். மழைக்கால வித்துராவில் இலை என்றைக்குக் காய்ந்தது? ஆனால் ரோஜாவுக்கு இந்த நோஞ்சான் உடம்பு வந்ததற்கு ஒரு வரலாறு உண்டு. 1900-ல் பிரான்ஸின் லியோன் நகரத்தில் ஜோசப் பெர்னே-துஷே என்ற தோட்டக்காரர் ‘சோலேய் தோர்’ என்றொரு ரோஜாவை வெளியிட்டார். அதுவரை ஐரோப்பியத் தோட்டத்தில் பெரிய ரோஜாவுக்கு அடர் மஞ்சள் நிறம் கிடையாது. மேற்காசியாவின் வறண்ட நிலத்து மஞ்சள் ரோஜாவோடு கலந்து அந்த நிறத்தை அவர் கொண்டுவந்தார். மழை அபூர்வமாகப் பெய்யும் ஊரில் வளர்ந்த அந்த இனத்துக்குக் கரும்புள்ளியைத் தாங்கும் சக்தி இல்லை. இன்றைய மஞ்சள், ஆரஞ்சு, தீச்சிவப்பு ரோஜாக்களில் பெரும்பாலானவை அந்த வழியில் வந்தவை. நிறத்தோடு நோயும் சீதனமாக வந்தது.

நல்ல வேளையாக, ரோஜாவுக்கு இன்னொரு பக்கத்துச் சொந்தமும் உண்டு. அது மழையும் ஈரமும் அறிந்த குடும்பம். 1882-ல் தாவரவியலாளர் ஜார்ஜ் வாட் மணிப்பூர் மலைகளில் ஒரு காட்டு ரோஜாவைக் கண்டார். சில ஆண்டுகளில் பர்மாவின் ஷான் மலைகளில் ஜெனரல் ஹென்றி காலெட்டும் அதைக் கண்டார். மரங்களின் உச்சிவரை ஏறும் முரட்டுக் கொடி, நான்கைந்து அங்குல அகலத்தில் வெளிர்மஞ்சள் கலந்த வெள்ளைப் பூ. தாவரவியலாளர்கள் வைத்த பெயர் ரோசா ஜைகான்டியா. அறிவியல் உலகத்துக்கு அது புதிதாகத் தெரிந்தாலும், அதன் ரத்தம் அதற்கு வெகுமுன்பே ஐரோப்பாவுக்குள் போயிருந்தது. சீனத் தோட்டக்காரர்கள் எத்தனையோ தலைமுறைக்கு முன்பே இந்தக் கொடியின் வம்சத்தையும், ஆண்டு முழுக்கப் பூக்கும் சீன ரோஜாவையும் கலந்திருந்தார்கள். அப்படிப் பிறந்தவற்றில் ஒன்று 1809 வாக்கிலும் இன்னொன்று 1824-லும் கப்பலேறி இங்கிலாந்து சேர்ந்தன. டீ ரோஜாக்கள் என்ற குலம் அவற்றிலிருந்து கிளைத்தது. நீண்டு கூர்ந்த மொட்டு, புதிதாகக் கசக்கிய தேயிலையை நினைவூட்டும் மெல்லிய மணம், குளிர் தாங்காத உடம்பு ஆகிய மூன்றும் அந்தக் குலத்தின் அடையாளம்.

ஹைபிரிட் டீயின் தகப்பன் வழி வேறு. 1817 வாக்கில், அன்று பூர்போன் தீவு என்று அழைக்கப்பட்ட ரீயூனியனில், வேலிச் செடிகளுக்கிடையே தானாகக் கலந்து முளைத்த ஒரு ரோஜா கண்ணில் பட்டது. டமாஸ்க் ரோஜாவுக்கும் சீன ரோஜாவுக்கும் பிறந்த அந்தச் செடிக்கு ‘ரோஸ் எதுவார்’ என்று பெயர். தோவாளைச் சந்தையில் கூடை கூடையாக வந்து இறங்கும் பன்னீர் ரோஜா, எட்வர்ட் ரோஜா என்றெல்லாம் நாம் அழைப்பது இந்தக் குலத்தைத்தான். பிரான்ஸில் இதன் வம்சம் பெருத்துக் கனத்து, குளிர் தாங்கும் பெரும்பூ ரோஜாக்களாயிற்று. 1867-ல் லியோனைச் சேர்ந்த ழான்-பாப்டிஸ்ட் கியோவின் நாற்றங்காலில் இரு குலங்களின் தன்மையும் சேர்ந்த ஒரு செடி தென்பட்டது. மொட்டு டீ ரோஜாவினது, தண்டின் உறுதி தகப்பன் வழியினது. ‘லா பிரான்ஸ்’ என்று பெயரிட்டார்கள். முதல் ஹைபிரிட் டீ என்று ரோஜாக்காரர்கள் இன்றும் சொல்வது அதைத்தான்.

வாசம் எங்கே போயிற்று என்ற கேள்வி இங்கே வரும். ஓசூர்ப் பசுமைக் குடிலிலிருந்து வரும் ‘தாஜ்மகால்’ சிவப்பை மூக்கருகே வைத்துப் பார்த்தவர்கள் கேட்காமல் இருக்க மாட்டார்கள். 2015-ல் பிரெஞ்சு விஞ்ஞானிகள் ஒரு விடை சொன்னார்கள். நல்ல மணமுள்ள ‘பாப்பா மெய்யான்’ ரோஜாவையும் மணமில்லாத ‘ரூஜ் மெய்யான்’ ரோஜாவையும் ஒப்பிட்டு, ஜெரானியால் என்ற மணப்பொருள் உண்டாகக் காரணமான நொதியைக் கண்டுபிடித்தார்கள். மணமில்லாத பூவில் அந்த நொதிக்கான மரபணு வேலை செய்யாமல் கிடக்கிறது. லாரியில் போய் ஜாடியில் பத்து நாள் வாடாமல் நிற்க வேண்டும் என்று மட்டும் பார்த்துத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு அது ஒரு நஷ்டமாகவே தெரியவில்லை. வீட்டுத் தோட்டக்காரர் அந்த ஜாதியை வாங்கி வைப்பதில் அர்த்தமே இல்லை.

மழையும் ஈரமும் அறிந்த அந்தக் காட்டுக் கொடியை மறுபடி அழைத்துவந்து கலந்தால் என்ன? ஆஸ்திரேலியாவில் ரோஜா வளர்ப்பாளர் அலிஸ்டர் கிளார்க் செய்து பார்த்தார். 1924-ல் வந்த அவருடைய ‘லொரேன் லீ’ அங்கே வீட்டுக்கு வீடு நின்றது. நம் பக்கத்தில் இந்த வேலையைக் கையிலெடுத்தவர்கள் கொடைக்கானலில் குடியேறிய எம்.எஸ். வீரராகவனும் கிரிஜா வீரராகவனும். ஐ.ஏ.எஸ். அதிகாரியாக இருந்த வீரராகவன் 1980-ல் வேலையை விட்டுவிட்டு ரோஜாவோடு உட்கார்ந்தார். குளிர்நாட்டு ரோஜாவை நம் வெயிலில் வைத்துக் காப்பாற்றப் பாடுபடுவதைவிட, வெப்ப நாட்டுக்கென்றே ரோஜாவை உருவாக்குவது மேல் என்பது அவர்கள் கட்சி. மணிப்பூரின் ஜைகான்டியாவும், நீர்நிலைக் கரைகளில் வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் ரோசா கிளைனோஃபில்லாவும் அவர்களுக்கு மூலதனம். ஜைகான்டியா வழியில் பிறந்த ஒன்றுக்கு ‘சர் ஜார்ஜ் வாட்’ என்றே பெயர் வைத்தார்கள்.

கேட்க எளிது. செய்யப்போனால் இரண்டு பூட்டுகள். காட்டுக் கொடியின் குரோமோசோம் 14. இன்றைய ஹைபிரிட் டீ பெரும்பாலானவற்றில் 28. இரண்டையும் கலந்தால் பிள்ளைக்கு 21 வரும். விதை உருவாகும் நேரத்தில் மூன்று மூன்றாக நிற்பவை ஜோடி சேர முடியாமல் குழம்பும். பெரும்பாலும் விதை பிடிக்காது, வம்சம் அதோடு நின்றுவிடும். இரண்டாவது பூட்டு, பூக்கும் பழக்கம். ஜைகான்டியா வருடத்துக்கு ஒருமுறைதான் பூக்கும். ஓயாமல் பூக்கும் குணம் மரபில் பின்தங்கும் குணம் என்பதால், முதல் தலைமுறைப் பிள்ளைகளில் பல காட்டுத் தாயைப் போலவே இருந்துவிடும். மறுபடி கலந்து, நாற்றுகள் பூக்கப் பல ஆண்டு காத்திருந்து, பெரும்பகுதியைப் பிடுங்கி எறிய வேண்டும். பென்ஷன்காரரின் பொழுதுபோக்கு என்று இதை நினைத்தால் தப்பு.

குரோமோசோம் கணக்கில் கரைகண்ட ஒருவர் ஒருகாலத்தில் திருவனந்தபுரத்திலேயே பாடம் நடத்தியிருக்கிறார். 1897-ல் தலச்சேரியில் பிறந்த இ.கே. ஜானகி அம்மாள் 1932 முதல் 1934 வரை இங்கே மகாராஜா அறிவியல் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர். பிறகு கோயம்புத்தூரில் கரும்பு இனக்கலப்பு. 1945-ல் மரபியலாளர் டார்லிங்டனோடு சேர்ந்து பயிர்ச் செடிகளின் குரோமோசோம் எண்களைத் திரட்டித் தந்த புகழ்பெற்ற நூல். 2018-ல் வீரராகவன் தம்பதி தங்கள் ரோஜா ஒன்றுக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். சிலை வைப்பதைவிட இது பொருத்தமான மரியாதை.

இப்போதைக்கு வித்துராவில் மணமுள்ள ஹைபிரிட் டீ ஒன்றை வளர்க்க நினைப்பவர் தரையை விட்டுவிடுவது நல்லது. பெரிய தொட்டி, கிழக்கு வெயில் விழும் இறவாணத்தின் கீழ் இடம், தூரில் மட்டும் காலைத் தண்ணீர். செம்மண்ணின் புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் சுண்ணாம்பு. உதிர்ந்த புள்ளி இலையை உடனே பொறுக்கி எரித்துவிட வேண்டும். துலாவர்ஷம் ஓய்ந்ததும் கவாத்து செய்தால் ஆறேழு வாரத்தில், மழையில்லாத மாதத்தில், பூ வரும். வாசமும் அப்போதுதான் முழுசாகக் கிடைக்கும்.

இத்தனை செய்தும் மேலே ஒட்டுக்கட்டிய ரோஜா செத்துப்போகலாம். அப்புறம் அடித்தண்டிலிருந்து கிளம்பும் துளிரைக் காட்டுக்கம்பு என்று வெட்டி எறிவார்கள். அல்லது அது இளஞ்சிவப்பில் சின்னதாகப் பூத்ததும், ரோஜா நிறம் மாறிவிட்டது என்று நர்சரிக்காரரிடம் சண்டைக்குப் போவார்கள். தென்னிந்திய நர்சரிகள் பலவற்றில் ஒட்டுக்கட்ட அடிச்செடியாக வைப்பது எட்வர்ட் ரோஜாவைத்தான். ‘லா பிரான்ஸு’க்குத் தகப்பன் வழிப் பாட்டி அது. நம் வெயிலுக்கும் மழைக்கும் பழகிய செடி, மணத்துக்கும் குறைவில்லை. அதை வெட்டாமல் விட்டுவிடுங்கள்.