வலி சொல்லும் எல்லை: மூட்டை அசைத்துவிடும் வைத்தியத்தின் கதை

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் பஸ்ஸில் போனால் பிசியோதெரபி போர்டுகள் நிறைய கண்ணில் படும். தோள்பட்டை இறுகிப்போய் கையைத் தூக்க முடியாமல் வருகிறவரின் மூட்டைப் பிடித்து மெல்ல அசைத்து விடுவார்கள். பார்ப்பவர்களுக்கு சும்மா பிடித்துவிடுவது மாதிரிதான் தெரியும். ஆனால் எவ்வளவு அழுத்துவது, எங்கே நிறுத்துவது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்குக்கு ஒரு வரலாறும் உண்டு. அதில் ஒரு பகுதி, பூந்தமல்லி வழியாகப் போகும் பெங்களூர் நெடுஞ்சாலையில் நூறு கிலோமீட்டருக்கு மேல் போனால் வரும் வேலூரில் நடந்தது!

முரட்டுக் கைகளின் காலம்

எலும்பு வைத்தியர்கள் பல நாடுகளில் இருந்தார்கள். இங்கிலாந்தில் படித்த டாக்டர்கள் அவர்களை மதிக்கவில்லை. ஆனால் 1867ல் ஜேம்ஸ் பேஜெட் என்ற புகழ்பெற்ற அறுவை மருத்துவர், அவர்களிடம் உள்ள நல்லதைக் கற்றுக்கொள்ளுங்கள் என்றார். 1871ல் வார்ட்டன் ஹூட் என்ற டாக்டர், ரிச்சர்ட் ஹட்டன் என்ற எலும்பு வைத்தியரிடம் கற்றதைப் புத்தகமாகவே போட்டார். அந்த வைத்தியத்தில் வேகமும் பலமும் முக்கியம். மூட்டில் ஒட்டிக்கொண்டிருப்பதை ஒரே முறுக்கில் விடுவிக்கப் பார்ப்பார்கள்.

குழந்தையின் முகம்

பால் பிராண்ட் 1914ல் கொல்லிமலையில் பணியாற்றிய மிஷனரி தம்பதிக்குப் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்து, 1946ல் வேலூர் சி.எம்.சி.க்கு வந்தார். பிறவியிலேயே பாதம் வளைந்த குழந்தைகளுக்கு லண்டனில் அவர் பார்த்த முறை, பலமாகத் திருப்பி நேராக்குவது. இங்கே வைத்தியமே பார்க்காமல் வளர்ந்தவர்களின் பாதங்களைத் தொட்டுப் பார்த்தபோது அவருக்கு ஆச்சரியம். வளைந்திருந்தாலும் மிருதுவாக இருந்தன! லண்டனில் நேராக்கிய பாதங்களோ உள்ளே தழும்பேறி விறைத்துப் போயிருந்தன.

முறையை மாற்றினார். தாய் பால் கொடுக்கும்போதே குழந்தையின் பாதத்தை மெல்லத் திருப்புவார். கண் குழந்தையின் முகத்தில் இருக்கும். பால் குடிப்பதை நிறுத்திவிட்டு அது திரும்பிப் பார்த்தால் அதுதான் எல்லை, அந்த நிலையில் மாவுக்கட்டு. அழுதால் எல்லை தாண்டிவிட்டது என்று அர்த்தம். பிறகு கட்டைப் பிரித்து, இன்னும் கொஞ்சம் திருப்பி, மறுபடி கட்டு.

வலி தெரியாத கை

1947ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒருவரின் பிடி எவ்வளவு பலமானது என்று பார்த்தார். நல்ல தசைகள் மிச்சமிருக்கின்றன என்று புரிந்தது. அந்தத் தசைநார்களை இடம் மாற்றி விரல்களை இயக்கும் அறுவை சிகிச்சையை 1948ல் தொடங்கினார்.

அதற்கு முன்பு இறுகிய விரல் மூட்டுகளைத் தளர்த்த வேண்டும். சிக்கல் அங்கேதான். தொழுநோய் உணர்ச்சி நரம்புகளைக் கெடுத்துவிடும். எவ்வளவு அழுத்தினாலும் நோயாளிக்கு வலிக்காது, முகமும் மாறாது. அவசரப்பட்டால் மூட்டே வீணாகும். அதனால் சூடு, வீக்கம், சிவப்பு ஆகியவைதான் எல்லையைக் காட்டும் அடையாளங்கள் ஆயின. விரலுக்கு மாவுக்கட்டு போட்டு, பிரித்து, இன்னும் சற்று நிமிர்த்தி மறுபடி போட்டார்கள். வெடுக்கென இழுத்தால் சதை கிழியும், மெல்லப் பிடித்து வைத்தால் வளர்ந்து நீளும் என்பது பிராண்டின் கருத்து.

நான்கு படிகள்

ஆஸ்திரேலியாவில் ஜெஃப்ரி மெயிட்லண்ட் என்ற பிசியோதெரபிஸ்ட் 1964ல் முதுகெலும்பு பற்றியும், 1970ல் கை கால் மூட்டுகள் பற்றியும் புத்தகம் எழுதினார். மூட்டை அசைப்பதை நான்கு படிகளாகப் பிரித்தார். வலி அதிகம் என்றால் இறுக்கத்தைத் தொடாத முதல் இரண்டு படிகள். இறுக்கம்தான் பிரச்சினை என்றால் அடுத்த இரண்டு. ஒவ்வொரு முறையும் நோயாளியிடம் கேட்டு, மறுபடி சோதித்துப் பார்க்க வேண்டும். கைப்பழக்கமாக இருந்த வித்தையை வகுப்பில் சொல்லிக்கொடுக்க முடிந்தது.

வேலூரிலும் ஆஸ்திரேலியாவிலும் நோய்கள் வேறு, பாடம் ஒன்றுதான். எங்கே நிறுத்துவது என்று சொல்வது நோயாளியின் உடம்பு.

"வலிச்சாதான் சரியாகும்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் வாய் திறந்து சொன்னால்தான் அசைப்பவருக்கு எல்லை தெரியும். சர்க்கரை நோயாளிகளுக்குத் தோள்பட்டை இறுக்கம் அதிகம் வருகிறது. அவர்களில் பலருக்குக் காலில் உணர்ச்சியும் குறைந்திருக்கும். அந்தப் பாதத்தைப் பிடிக்கும் கைக்கு, வலி தெரியாத விரல்களிடம் வேலூர் கற்ற பாடம் இன்றும் தேவை.