வேகக்குறைப்புப் பல்சக்கர அமைப்பு (வேளாண் இயந்திரங்கள்)

டிராக்டர் அல்லது மோட்டாரின் வேகச் சுழற்சியைக் குறைத்து, முறுக்குவிசையைப் பெருக்கித் தரும் பல்சக்கர ஏற்பாடு. தண்டுகள் அமையும் திசை, குறைப்பு விகிதம், அதிர்ச்சிச் சுமை, இடவசதி, பராமரிப்பு ஆகியவையே தேர்வை முடிவுசெய்கின்றன.

வகைகள்: இணையான தண்டுகளுக்கு நேர்ப்பல், சாய்பல் சக்கரங்கள் ஏற்றவை, ஓர் இணைப்பில் ஏறத்தாழ இரண்டு விழுக்காட்டு ஆற்றலே இழப்பாகும். சுழற்சியைச் செங்கோணத்தில் திருப்பக் கூம்புப் பல்சக்கரம் வேண்டும். புழுச்சக்கரம் ஒரே கட்டத்தில் 50:1 வரை குறைக்கும். திறன் குறைவு, சூடு அதிகம். ஆனாலும் சுழலும் மையநிலைப் பாசனக் கருவியின் சக்கரங்களில் அதுவே வழக்கம்: வேகம் மிகக் குறைவு, சரிவில் சக்கரம் தானாக உருளாமலும் தடுக்கும். கோள் அமைப்பில் சுமை மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட சக்கரங்களில் பகிரப்படுவதால், பெரிய டிராக்டர்களின் பின் அச்சு முனைகளில் அது இடம்பெறுகிறது.

எடுத்துக்காட்டு: ரோட்டவேட்டர் என்னும் சுழல் உழவுக் கருவிக்கு விசை தரும் டிராக்டரின் பி.டி.ஓ. (விசை எடுப்பு) தண்டு நிமிடத்துக்கு 540 முறை சுழல்கிறது. கத்தித் தண்டுக்கு 216 சுற்று தேவையெனில் விகிதம் 2.5:1. கடத்தப்படும் திறன் 30 கிலோவாட் என்றால், 530 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை, இழப்புகளைக் கழிக்காத நிலையில், 1,325 ஆக உயரும். நடுப்பெட்டியின் கூம்புச் சக்கரங்கள் திசையைத் திருப்ப, பக்கவாட்டுப் பல்சக்கரங்களோ சங்கிலியோ விசையைக் கீழே கொண்டுசெல்கின்றன. கல் நிலத்தில் சங்கிலியைவிடப் பல்சக்கரம் உறுதியானது.

வரலாறு: ஆஸ்திரேலியாவின் ஆர்தர் கிளிஃபோர்ட் ஹோவர்ட் 1912இல் சுழல் உழவுச் சோதனைகளைத் தொடங்கினார். பி.டி.ஓ. வேகத்துக்கான அமெரிக்கத் தரநிலை 1920களில் உருவானது. இதனால் வெவ்வேறு நிறுவனங்களின் டிராக்டர்களுக்கும் கருவிகளுக்கும் பொருந்தும் குறைப்புப் பெட்டிகளை வடிவமைக்க முடிந்தது.