அடியில் நிற்கும் ஆறாம் சுரம்

பாடல் ஏட்டில் 'ஏ மைனர்' என்றெழுதி, சாய்கோடு இட்டு, அதன்பின் 'எஃப் ஷார்ப்' என்று குறித்திருந்தால், கிதார் பயில்வோர் சற்றுத் தயங்குவர். கோட்டுக்கு முன்னிருப்பது கார்டு. பின்னிருப்பது அதன் அடியில் ஒலிக்க வேண்டிய பாஸ் சுரம். ஏ, சி, இ ஆகிய மூன்று சுரங்களோடு, ஏ-யிலிருந்து ஆறாவதான எஃப் ஷார்ப் சேர்வது 'ஏ மைனர் சிக்ஸ்த்'. அந்த ஆறாம் சுரமே அடியில் நிற்பதுதான் இந்தக் கார்டு.

பாஸ் சுரத்தைத் தனியே எழுதித் தரும் வழக்கம் பழமையானது. 1602இல் பிரான்சிஸ்கன் துறவி லொடோவிக்கோ வியாதானா, வெனிஸ் நகரில் வழிபாட்டுப் பாடல் தொகுப்பொன்றை வெளியிட்டார். பாடகர் ஓரிருவரே இருந்தாலும் ஆர்கன் இசைப்பவர் இசையை நிறைவு செய்யுமாறு, அதில் தனி பாஸ் வரி இடம்பெற்றது.

தாழ ஒலிக்கும் சுரமே எப்போதும் கார்டின் மூலம் அன்று என்பதை 1722இல் பிரான்சு நாட்டு ராமோ தம் நூலில் விளக்கினார். ஒரே நான்கு சுரங்கள், அடுத்துச் செல்லும் இடத்திற்கேற்ப வெவ்வேறு மூலம் கொள்ளலாம் என்றும் பின்னர் கூறினார்.

1940களில் நியூயார்க்கின் ஹார்லெம் பகுதியில் கறுப்பின ஜாஸ் கலைஞர்கள் இதே கார்டைப் புதிதாய்ச் சுவைத்தனர். ஆறாம் சுரத்தை அடியில் கொண்ட மைனர் சிக்ஸ்த்தைத் தமக்குக் காட்டியவர் பியானோ கலைஞர் தெலோனியஸ் மங்க் என்று, 1979இல் வெளிவந்த தன்வரலாற்றில் டிஸ்ஸி கில்லெஸ்பி நினைவுகூர்கிறார். பாடநூல்கள் அதனை 'ஹாஃப் டிமினிஷ்ட்' என்கின்றன. பெயர் இரண்டு, சுரங்கள் அவையே.

வாசித்துப் பார்ப்போம். ஆறாம் தந்தியின் இரண்டாம் கட்டத்தில் நடுவிரல். நான்காம், மூன்றாம் தந்திகளின் இரண்டாம் கட்டத்தில் முறையே மோதிரவிரலும் சுண்டுவிரலும். இரண்டாம் தந்தியின் முதற்கட்டத்தில் ஆள்காட்டிவிரல். நடுவிரலின் நுனி ஐந்தாம் தந்தியைத் தொட்டு அடக்கட்டும். முதல் தந்தி திறந்தே ஒலிக்கலாம்.

இதிலிருந்து 'பி செவன்த்' வழியாக 'இ மைனர்' சென்றால், எஃப் ஷார்ப்பே மூலமெனச் செவி கொள்ளும். நேரே 'இ மேஜர்' சென்றாலோ, ஏ மைனரே மூலமாகும். பாடல்களின் இறுதியில் நாம் கேட்டுப் பழகிய 'ஆமென்' முடிவின் சாயல் அதிலுண்டு.

பலர் கோட்டுக்குப் பின்னுள்ள எழுத்தை விட்டுவிட்டு வெறும் ஏ மைனரையே மீட்டுகின்றனர். பாடல் திரும்பும் அந்த இடம் அப்போது வெறுமையாகிவிடும். விரல்கள் வடிவத்தைக் கற்றபின், அடியில் நிற்பது எது, அடுத்துச் செல்வது எங்கே என்று செவியும் கேட்கப் பழக வேண்டும். அப்போதுதான் கார்டு நமக்கு விளங்கியதாகும்.