கந்தன் கருணை: பழங்கதை மாந்தரும் புதிய அரங்கும்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையிலே, கீரிமலைக்கு அண்மையில், மாவிட்டபுரம் அமைந்துள்ளது. குதிரை முகம் வாய்த்த சோழ இளவரசி ஒருத்தி கீரிமலைத் தீர்த்தத்தில் நீராடி அம்முகம் நீங்கப் பெற்றாள் என்றும், அவளே இங்குள்ள கந்தசுவாமி கோயிலை எழுப்பினாள் என்றும் ஐதிகம் கூறும். மா என்பது குதிரை. குதிரை முகம் விட்ட இடமாதலின் ஊர் இப்பெயர் பெற்றது என்பர். இழிவெனக் கருதப்பட்ட உருவம் நீங்கிய இக்கதை நிலத்திலேதான், 1968இல், பிறப்பினால் இழிந்தோர் எனக் கூறிச் சக மனிதருக்குக் கோயிற் கதவு அடைக்கப்பட்டது.

பழங்கதை மாந்தர் எக்காலத்தும் ஒரே உருவில் நிற்பதில்லை. கிறிம் சகோதரர் 1812இல் அச்சேற்றிய ஜேர்மனிய நாட்டார் கதைகளுள் ஒன்றான பனிவெண்மகள் கதைக்கு, 1937இல் வெளிவந்த டிஸ்னியின் கேலிச்சித்திரத் திரைப்படம் ஒரு நிலைத்த முகத்தை அளித்தது. பின்வந்த ஓவியர்கள் அம்முகத்தையும் மாற்றி வரைந்து வருகின்றனர். மாற்றம் எதுவாயினும், கதைமாந்தரை இனங்காட்டும் சில அடையாளங்கள் எஞ்ச வேண்டும். அவை இன்றேல் மாற்றத்தை மாற்றமென உணர இயலாது. இவ்வியல்பை ஈழத்துத் தமிழரங்கில் வைத்து நோக்குவோம்.

பேராதனைப் பல்கலைக்கழகத்திலே பேராசிரியர் சு. வித்தியானந்தன் கர்ணன் போர் (1962), இராவணேசன் முதலிய கூத்துக்களை நவீன மேடைக்கேற்பச் செப்பனிட்டு அளித்தார். விடிய விடிய ஆடப்பட்ட கூத்து, சில மணிநேரத்துள் அடங்கும் கலைவடிவமாயிற்று. இராவணேசனில் இராவணன் வெறும் அரக்கனாக அன்றி, அகப்போராட்டத்துக்கு ஆளான அவலத் தலைவனாகக் காட்சியளித்தான். படித்த வகுப்பினர் கூத்தை மதிக்கத் தலைப்பட்டமை இம்முயற்சியின் பெரும்பேறு. எனினும், கூத்தின் உள்ளடக்கம் இதிகாச எல்லையைப் பெரிதும் கடக்கவில்லை என்பதையும் நாம் குறிப்பிடல் வேண்டும்.

அவ்வெல்லையைக் கடந்த ஆக்கங்களுள் குறிப்பிடத்தக்கது கந்தன் கருணை. கோயில் வழிபாட்டில் சாதி காரணமாகத் தடை விதிப்பதைக் குற்றமாக்கும் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இலேயே நிறைவேறியிருந்தது. ஆயினும் சட்டத்தினால் மட்டும் கதவுகள் திறக்கவில்லை. தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கத்தின் போராட்டங்கள் அதன்பின் எழுந்தன. இச்சூழலில் எழுத்தாளர் என். கே. ரகுநாதன் எழுதிய நாடகத்தை, 1970ஐ அண்டிய காலத்தில், அம்பலத்தாடிகள் குழுவினர் கூத்துருவில் மேடையேற்றினர்.

இங்கு கந்தன் கையில் வேல் உண்டு. புராணத்து நாரதரும் உண்டு. பார்ப்போர் இவர்களை உடனே இனங்காண்பர். மாறியிருப்பது அவர்கள் நிற்கும் பக்கமேயாகும். சூரனை வதைத்த வேல், கோயில் வாசலில் தடுக்கப்பட்ட அடியாரின் கைக்கு வருகிறது. சாத்திரத்தைக் காட்டித் தடுத்தோருக்கு, அவர்தம் தெய்வத்தைக் கொண்டே பதில் கூறப்பட்டது. நாத்திகவாதம் எட்டாத உள்ளங்களையும் இது தொட்டிருத்தல் கூடும்.

உருவத் தெரிவும் ஆழ்ந்து நோக்கற்பாலது. இவ்வாக்கம் காத்தவராயன் கூத்தின் பாங்கைத் தழுவியது. யாழ்ப்பாணத்து அம்மன் கோயில்களிலே நேர்த்திக்காக ஆடப்படும் காத்தவராயன் கதையோ, தாழ்ந்தவனெனக் கருதப்பட்டவன் ஆரியமாலையை விரும்பிக் கழுமரம் ஏறும் கதை. கழுமரம் ஏறியவனின் மெட்டு, கோயில் வாசலில் நின்றோரின் குரலாயிற்று. உருவமும் உள்ளடக்கமும் இவ்வாறு ஒன்றையொன்று வலுப்படுத்துதல் அரிதாகவே நிகழும்.

எனினும் ஒரு வினா எஞ்சுகிறது. விடுதலையைத் தெய்வத்தின் கருணையாகக் காட்டுதல் மக்களின் செயலாற்றலைக் குறைத்து மதிப்பதாகாதா? நாம் அவ்வாறு கருதவில்லை. வேலைத் தருபவன் கந்தனாயினும் அதனை ஏந்திச் செல்பவர் மக்களே. தலைப்பிலுள்ள ‘கருணை’ என்னும் சொல்லில் எள்ளலும் கலந்துள்ளது. ஆயினும், புராணச் சட்டகத்துள் நின்று பேசும் கலை, அச்சட்டகத்தின் அதிகாரத்தையும் ஒரு வகையில் உறுதிப்படுத்தும் என்னும் எச்சரிக்கை தேவையே.

பின்வந்த அரங்கு இதனை வேறுவழியில் எதிர்கொண்டது. குழந்தை ம. சண்முகலிங்கத்தின் மண் சுமந்த மேனியர் (1985) தலைப்பிலே பிட்டுக்கு மண் சுமந்த சிவனை நினைவூட்டுகிறது. ஆனால் மேடையில் துயர் சுமப்போர் அக்காலத்து ஈழத் தமிழ் மக்களே. தெய்வம் விலக, அதன் அடையாளம் மனிதர்மேல் ஏறிற்று.

கதைமாந்தரைப் புதுக்குதல் வெறும் அலங்கார மாற்றமன்று. கதையை யார் சொல்கின்றனர், யாருக்காகச் சொல்கின்றனர் என்பனவே அதன் பயனைத் தீர்மானிக்கின்றன. மாவிட்டபுரத்து இளவரசியின் கதையும் நம் கையில் உள்ளது. நீங்க வேண்டியது எந்த முகம் என்று மீண்டும் கேட்பதற்கு அது இன்னும் இடந்தருகிறது.