கல்லீரல் மாற்றிய பிறகும் மஞ்சள் காமாலை வருவது ஏன்? பித்தநாளச் சிக்கல்கள் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டியவை

கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து வீட்டுக்கும் வந்தாச்சு. சில மாதங்கள் கழித்து கண் மஞ்சளாகிறது, உடம்பெல்லாம் அரிக்கிறது. புதுக் கல்லீரலும் போச்சா என்று குடும்பம் பதறும். பல நேரங்களில் கல்லீரல் நன்றாகவே இருக்கும். அதில் சுரக்கும் பித்தநீர் குடலுக்கு இறங்கும் குழாய்தான் சுருங்கியிருக்கும்.

தானமாக வந்த கல்லீரலின் பித்தநாளத்தை நோயாளியின் பித்தநாளத்தோடு இணைத்துத் தைப்பார்கள். அது முடியாதபோது நேரடியாகச் சிறுகுடலோடு இணைப்பார்கள். இந்தத் தையலில் முதல் சில வாரங்களில் கசிவு வரலாம். சுருக்கம் பெரும்பாலும் முதல் ஓராண்டுக்குள் தெரியவரும்.

இதற்கு ரத்த ஓட்டம் ஒரு முக்கியக் காரணம். கல்லீரலுக்குள் வரும் ரத்தத்தில் சுமார் முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகவும் மீதி கல்லீரல் தமனி வழியாகவும் வருகிறது. மாற்றி வைத்த பித்தநாளமோ அந்தத் தமனி ஒன்றையே நம்பியிருக்கிறது. தமனி அடைத்துக்கொண்டால் கல்லீரலுக்குள்ளேயே பல இடங்களில் நாளங்கள் சிதைந்து சுருங்கும். இதுதான் மோசமான வகை. சிலருக்கு மறுபடியும் கல்லீரல் மாற்ற வேண்டிவரும்.

எத்தனை பேருக்கு வரும்?

மூளைச்சாவு அடைந்தவரின் முழுக் கல்லீரலைப் பெறுவோரில் 100-க்கு சுமார் 5 முதல் 15 பேருக்கு வருகிறது. உயிரோடு இருக்கும் உறவினர் தரும் பாதிக் கல்லீரல் என்றால் 15 முதல் 30 பேர். அதில் வெட்டி எடுக்கும் நாளம் சில மில்லிமீட்டர்தான் அகலம். சமயத்தில் இரண்டு, மூன்று திறப்புகள்கூட இருக்கும்.

தெலங்கானாவில் மூளைச்சாவு தானத்துக்கு 'ஜீவன்தான்' திட்டம் 2013 முதல் இயங்குகிறது. ஆனாலும் இந்தியாவில் நடக்கும் கல்லீரல் மாற்றுகளில் பெரும்பகுதி உறவினர் தானம்தான். அதனால் மேல்நாட்டுக் கணக்கில் வரும் சின்ன எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய முடியாது. விளம்பரங்களில் வரும் 'வெற்றி விகிதம்' பெரும்பாலும் உயிர் பிழைத்தவர்களின் கணக்கு. ஓராண்டில் எத்தனை பேருக்கு பித்தநாளச் சுருக்கம் வந்தது என்று தனியாகக் கேளுங்கள். அதற்கான சிகிச்சை பேக்கேஜில் சேருமா என்பதையும்தான்.

வலி இல்லாமலே வரும்

மாற்றிய கல்லீரலில் நரம்புத் தொடர்பு அறுந்திருக்கும் என்பதால் வலியே இல்லாமல் போகலாம். ரத்தப் பரிசோதனையில் ஆல்கலைன் பாஸ்படேஸ், ஜி.ஜி.டி. அளவுகள் ஏறுவதுதான் பலருக்கு முதல் தடயம். அல்ட்ராசவுண்ட் நார்மல் என்று வந்தாலும் சந்தேகம் தீராது, எம்.ஆர்.சி.பி. ஸ்கேன் தேவைப்படலாம். உடல் கல்லீரலை நிராகரிக்கும்போதும் இதே அளவுகள் ஏறும். சிகிச்சை வேறு வேறு. மாத்திரை அளவை நீங்களே மாற்றாதீர்கள்.

சுருக்கத்துக்கு இப்போது முதல் சிகிச்சை பொதுவாக இ.ஆர்.சி.பி. எனப்படும் என்டோஸ்கோப்பி. வாய் வழியாகக் குழாய் செலுத்தி, பலூனால் நாளத்தை விரித்து, ஸ்டென்ட் வைப்பார்கள். ஹைதராபாத்துக்கு இதில் பெரிய பெயர் உண்டு. இங்குள்ள ஏ.ஐ.ஜி. மருத்துவமனையை நிறுவிய டாக்டர் நாகேஷ்வர் ரெட்டி என்டோஸ்கோப்பி நிபுணர்தான். 2025-ல் பத்ம விபூஷண் பெற்றார். குடலோடு இணைத்தவர்களுக்கு இந்த வழி கடினம். அவர்களுக்குத் தோல் வழியாக ஊசி செலுத்திச் சரிசெய்வதுண்டு.

பிளாஸ்டிக் ஸ்டென்ட்டை சுமார் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். இது ஓராண்டு வரை தொடரலாம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். அரிப்பு நின்றதும் உடம்பு தேறிவிட்ட மாதிரி இருக்கும். தூரத்து ஊர்க்காரர்களுக்கு மறுபடி ரயில் ஏற மனசு வராது. மாற்றாமல் விட்ட ஸ்டென்ட் அடைத்து, சீழ் பிடித்து, குளிர்காய்ச்சலோடு வரும். நோய் எதிர்ப்பைக் குறைக்கும் மாத்திரை சாப்பிடுபவருக்கு அது உயிருக்கே ஆபத்து. அடுத்த தேதியை டிஸ்சார்ஜ் தாளிலேயே எழுதி வாங்குங்கள். குளிர்காய்ச்சல் வந்தால் அன்றைக்கே மருத்துவமனை.

தானம் கொடுத்தவருக்கும் வெட்டிய இடத்தில் பித்தநீர் கசியலாம். பெரும்பாலும் ஆறிவிடும். ஆனால் எல்லோர் கவனமும் நோயாளி மேல் இருக்க, கொடுத்தவரின் காய்ச்சலையும் வயிற்றுவலியையும் வீட்டில் யாரும் கேட்பதில்லை.