அம்மோனைட் பாடத்தில் ஒரு திருத்தம்



போன வாரம் பேரன் கல்லூரிச் சுற்றுலாவாக அரியலூர் போய்வந்து ஒரு அம்மோனைட் படம் அனுப்பினான். (1860களிலேயே ஸ்டோலிச்கா அந்தப் பக்கத்து அம்மோனைட்டுகளை நூலாக விவரித்துவிட்டார்.) படத்தைப் பார்த்ததும், வகுப்பில் நான் தவறாக நடத்திய ஒன்று உறுத்தியது. ஒவ்வோர் உயிரும் வளரும்போது தன் முன்னோரின் வரலாற்றைத் திரும்ப நடத்திக் காட்டுகிறது என்று ஹேக்கல் விதியைக் கரும்பலகையில் எழுதிப் போட்டேனே, நினைவிருக்கிறதா?

அம்மோனைட் கணவாயின் தூரத்து உறவு. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அழிந்துபோனது. நண்டு ஓட்டைக் கழற்றிப் போட்டுவிடும். இது கழற்றாது, வாய்ப்பக்கம் கட்டிக்கொண்டே போகும். ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இருந்த குஞ்சு ஓடு நடுவில் அப்படியே இருக்கும். உள்ளே வழவழப்பான உருண்டைச் சுருள், பிறகு வரிவரியான மேடுகள், சிலவற்றில் முட்கள். முதிர்ந்ததும் கடைசிச் சுருள் பலவற்றில் வேறு வடிவம்!

இதை வைத்துத்தான் அமெரிக்காவின் ஆல்பியஸ் ஹையட், உள்சுருள் முன்னோரைக் காட்டுகிறது, வெளிச்சுருள் பின்னால் சேர்ந்தது என்றார். பரம்பரைக்கே கிழப்பருவம் உண்டு என்றும் சொன்னார். அவர் வழி வந்தவர்கள் உள்சுருளைப் பார்த்தே வம்சாவளி எழுதினார்கள். 1901-ல் ரஷ்யாவின் பாவ்லோவ் நேர்மாறாகக் காட்டினார்: புதிய அம்சம் இளம் சுருளில் முதலில் தோன்றி, பின்வந்த தலைமுறைகளில் வெளிச்சுருளுக்குப் பரவுவதும் உண்டு. ஹையட்டின் விதி அங்கேயே ஆட்டம் கண்டது.

இதைவிட எனக்குப் பிடித்த கதை அடுத்தது. ஜுராசிக் பாறைகளில் பெரிய ஓடு ஒன்று, வாயோரம் காது மாதிரி மடல் நீண்ட சின்ன ஓடு ஒன்று என்று ஒரே அடுக்கில் கிடைக்கும். இரண்டுக்கும் தனித்தனி இனப்பெயர், சமயத்தில் பேரினப் பெயரே வேறு. 1962-ல் போலந்தின் மகோவ்ஸ்கி, 1963-ல் இங்கிலாந்தின் கலோமன் இருவரும் உள்சுருள்களை ஒப்பிட்டார்கள். பால்யம் ஒன்றேதான்! முதிரும்போதுதான் பிரிகின்றன. ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்றார்கள். பெரியது பெண் என்பதே பலரின் கருத்து. கலோமனின் தொழில் வேதியியல் என்பதை வேதியியல் படித்த பிள்ளைகள் கவனிக்க.

பழைய நோட்டு வைத்திருப்பவர்கள் அந்த விதியின் மேல் ஒரு கோடு போட்டுவிடுங்கள். அதற்குப் போட்ட மதிப்பெண்ணை நான் திருப்பிக் கேட்க மாட்டேன்.